கடுகின் காரம்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று கூறாத தமிழர் இல்லை. ஆயினும் முழுக் கடுகு ஒன்றை மெல்லாமல் விழுங்கிப் பாருங்கள். காரம் சிறிதும் தோன்றாது. அங்ஙனமாயின் அக்காரம் எங்கேயுள்ளது?

1840-இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் புஸ்ஸி இதனை ஆராய்ந்தார். கடுகினுள் இரு பொருள்கள் தனித்தனியே உறைகின்றன. விதை நொறுங்கி நீர் பட்டதும் அவை கலந்து காரத்தைப் பிறப்பிக்கின்றன. கொதிநீர் பட்டால் அவற்றுள் ஒன்று கெட்டுவிடும், காரம் பிறவாது. நம் தாளிதத்தில் மணமிருந்தும் காரமில்லாமை இதனாலேயே. கடுகு வெடிப்பது கண்ணேறு கழிந்ததாலன்று. விதைக்குள் உள்ள ஈரம் ஆவியாவதால். புண்பட்ட வீரன் மனையில் ஐயவி என்னும் வெண்கடுகைச் சிதறியதைப் புறநானூறு கூறும். இத்தனை நூற்றாண்டு கழிந்தும் கடுகைச் சுற்றி அடுப்பிலிடும் வழக்கத்தை நாம் விட்டோமில்லை.

மேல்நாட்டார் கடுகை வேறு வழியில் ஆண்டனர். இடித்த கடுகைக் காடியிற் குழைக்கும் முறையை முதல் நூற்றாண்டிலேயே உரோமர் கொலுமெல்லா எழுதி வைத்தார். 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகேசியர் 1641 வரை அதனை ஆண்டனர். அவர் வழிவந்த கிறிஸ்தாங் மக்கள், கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சியைக் கொண்டு டெபால் கறி சமைப்பர். அதில் ஐரோப்பியர் காடியும், நம்மவர் கடுகும் மஞ்சளும், மலாய்க்காரர் புவா கெராசும், அமெரிக்காவில் தோன்றிய மிளகாயும் ஒரே சட்டியில் வேகின்றன. எந்தச் சாதியார் கை பட்டது என்று அச்சட்டி கேட்பதில்லை.

அந்நகருக்குச் சில கல் தொலைவிலுள்ள பத்து பெரண்டாமில் ரப்பர் மரம் சீவிய தமிழ்ப் பெண்களுக்கு அம்மியும் கடுகும் புதியனவல்ல. இங்கிலாந்தில் 1814-இல் ஜெரமையா கோல்மன் தொடங்கிய தொழில், கடுகுத் தூளைத் தகர டப்பியில் அடைத்து உலகெங்கும் விற்றது. அத்தூளின் சூட்சுமம் அம்மிக்கும் எட்டாததன்று. கடுகை நன்கு பொடித்துத் தண்ணீரிற் குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். காரம் ஏறியபின் காடியும் உப்பும் சேருங்கள். காடி அக்காரத்தை நெடுநேரம் நிலைக்கச் செய்யும். முதலிலேயே காடியை ஊற்றினால் காரம் மந்தப்படும். ஓரிரவு மூடி வைத்தால் கசப்பும் தணியும்.

பொருள் நம் கையில் இருந்தது, கருவியும் இருந்தது. எதனால் இவ்வாறாகிறது என்ற கேள்வி மட்டும் நம் அடுக்களைக்குள் நுழையவில்லை. பெண்மக்களுக்கு எழுத்தை மறுத்த சமூகத்தில் அக்கேள்வியை யார் கேட்டிருக்க முடியும்? அடுத்த முறை கடுகை நெருப்பிலிடுமுன், அதிற் பாதியை அம்மியிலிட்டுப் பாருங்கள்.