கொழுந்துக்கு முத்திரை, கொய்தவருக்கு?

1935-இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு ஒரு காட்சி முத்திரை வரிசை இலங்கையில் வரத் தொடங்கியது. அதில் மூன்று சத முத்திரையில் சிவனொளிபாதமலை, ஒன்பது சதத்தில் கொழுந்து பறிக்கும் காட்சி. மஸ்கெலியாக்காரருக்கு இரண்டுமே வாசலில் நின்றால் தெரிகிற படங்கள். இவை அன்றாடத் தபாலுக்கானவை, நினைவு முத்திரைகள் அல்ல. ஆனாலும் மலையகத்தின் கதையை முத்திரையில் தேடுகிறவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து 1949. சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவுக்கு நான்கு முத்திரைகள் வந்தன: இரண்டில் சிங்கக் கொடி, இரண்டில் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க. முந்தைய ஆண்டுதான் அவரது அரசு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றித் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. தப்பால்காரர் தோட்டத்திலிருந்து சுமந்துபோன கடிதங்கள் சிலவற்றிலும் அந்த முகம் ஒட்டப்பட்டிருக்கும். எழுதியவருக்கோ இந்த நாட்டில் குடியுரிமை இல்லை.

என் கணக்கில், சேகரிப்பவர் அதிகம் யோசிக்க வேண்டிய வரிசை 1967-இல் வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு நூறாண்டு ஆனதற்கு நான்கு நினைவு முத்திரைகள். தேயிலைக்கு விழா எடுத்த அதே ஆண்டில்தான், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் 14ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்பது ஒப்பந்தத்தின் பங்கீடு. மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்! ஆல்பத்தில் அந்த நான்கு முத்திரைகளுக்குக் கீழே இந்தச் சட்டத்தின் பெயரையும் எழுதி வைப்பதே முறை.

விலை என்று பார்த்தால், 1859-இல் இலங்கையில் வந்த நான்கு பென்ஸ் ரோஸ் நிற முத்திரைக்குச் செல்வந்தர்கள் போட்டி போடுவார்கள். 1967-இன் தேயிலை முத்திரைகளுக்கு அந்தப் போட்டி இல்லை. சாதாரண ஆசிரியர்கூட வாங்கிவிடலாம்.

கொழுந்தெடுத்த மக்களின் வரலாற்றுக்கென்றே ஒரு நினைவு முத்திரையைப் பார்க்க 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த நவம்பரில், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டானதைக் குறித்துக் கொழும்பில் நடந்த ‘நாம் 200’ விழாவில் அது வெளியானது.

மஸ்கெலியா வாசகருக்குத் தனியாக ஒன்று. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் கடைசியில் பழைய ஊர் நீருக்குள் போனது. நீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரியும். ஆகவே அதற்கு முன் மஸ்கெலியா என்று அஞ்சல் குறி விழுந்த உறை ஒன்று கிடைத்தால், அதன் மதிப்பு குறியில்தான் இருக்கிறது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஏதும் இருந்தால் தயவுசெய்து முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். உறையைக் கடிதத்தோடு சேர்த்து அப்படியே வையுங்கள்.