வலி வேறு, குணமாதல் வேறு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் ஆகிய ஊர்களின் பழைய செட்டிநாட்டு வீடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். தெருவிலிருந்து படியேறினால் திண்ணை, அதைத் தாண்டினால் முகப்பு, பிறகு வானம் பார்த்த முற்றத்தோடு கூடிய வளவு, அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, கடைக்கோடியில் அடுப்படி. பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். கருப்பை நீக்க அறுவை செய்துகொண்டு வீடு திரும்பும் ஒரு பெண், எத்தனை நாள் கழித்து இந்த நீளத்தை முன்போல நடந்து கடந்து, அடுப்படி வேலையைப் பார்க்கலாம்?

விடை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. “எனக்குப் பித்தப்பையை எடுத்தாங்க, மூணாம் நாளே நடமாடிட்டேன். உங்களுக்கு மட்டும் ஏன் ஆச்சி ஒன்றரை மாசம்?” என்று கேட்பார் ஒருவர். “முழங்கால் மாத்துனப்ப நான் பட்ட வலியை விடவா?” என்பார் இன்னொருவர். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தன்மீதே ஐயம் பிறக்கும். வலி குறைந்த ஒரு நாளில் எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடுவார். வயற்காட்டிலும் கட்டட வேலையிலும் அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்ணுக்கோ அந்த ஐயத்துக்கும் நேரமில்லை. வலி பொறுக்கும் அளவுக்கு வந்தாலே வேலைக்குப் புறப்பட்டு விடுவார்.

ஓர் அறுவையின் வலியை இன்னொன்றின் வலியோடு இப்படி ஒப்பிடலாமா? வலி நின்றால் உடல் குணமாகிவிட்டது என்று கொள்ளலாமா? அறுவை மருத்துவத்தின் 200 ஆண்டு வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அதைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மயக்க மருந்துக்கு முன்பு

1809 டிசம்பர் மாதம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் பெண்மணி 60 மைல் தொலைவைக் குதிரைமீது கடந்து டான்வில் என்னும் ஊருக்கு வந்தார். வயிற்றில் பெருங்கட்டி. எப்ரெய்ம் மெக்டவல் என்ற மருத்துவர் அவருடைய வயிற்றைத் திறந்து, ஏறத்தாழ 10 கிலோ எடையுள்ள சூலகக் கட்டியை அகற்றினார். பணி 25 நிமிடத்தில் முடிந்தது. மயக்க மருந்து என்ற ஒன்றே அப்போது மேலை நாடுகளில் வழக்கத்தில் இல்லை! ஐந்தாம் நாள் மருத்துவர் சென்று பார்த்தபோது, அந்த அம்மையார் எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார். 25 நாளில் ஊர் திரும்பினார். 1842 வரை வாழ்ந்தார்.

பொறுக்கவே முடியாத வலி. ஆனால் விரைந்த குணம். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று இதற்குப் பொருளல்ல. அந்நாளில் வயிற்றைத் திறந்தவர்களில் பிழைத்தவர்கள் அரிது. 1843இல் மான்செஸ்டர் நகரில் சார்லஸ் கிளே வயிற்றின் வழியாகக் கருப்பையை அகற்றினார், நோயாளி பிழைக்கவில்லை. 1853இல் அமெரிக்காவில் வால்டர் பர்னாம் செய்த அறுவையில்தான் நோயாளி பிழைத்தார். அதுவும் சூலகக் கட்டி என்று எண்ணித் திறந்த வயிற்றில் கருப்பைக் கட்டி இருந்ததால் நேர்ந்த அறுவை!

இடைப்பட்ட காலத்தில் ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டினார். அடுத்த மார்ச் மாதமே அது கல்கத்தாவுக்கு வந்தது. 1847இல் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாமைப் புகுத்தினார். 1867இல் லிஸ்டர் நுண்ணுயிர் கொல்லும் முறையை வெளியிட்டார். கத்தியின் வலி மயக்கத்தாலும், புண் சீழ்பிடிப்பது கார்பாலிக் அமிலத்தாலும் கட்டுக்குள் வந்தன.

இந்த அறிவு தமிழுக்கும் தாமதமின்றி வந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இலும் அவர் முயற்சியால் தமிழில் அச்சேறின.

படுக்கையே பகையானது

மயக்க மருந்து வந்தபின் ஒரு விந்தை நடந்தது. அறுவையின் வலி குறைந்தது. ஆனால் படுக்கையில் கிடக்கும் நாள்கள் நீண்டன. வயிற்றில் அறுவை நடந்தால் இரண்டு, மூன்று வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. 1899இல் சிகாகோவில் எமில் ரீஸ் என்ற மருத்துவர் இதை மறுத்தார். தம் நோயாளிகளை ஓரிரு நாளிலேயே எழுப்பி நடக்கவிட்டார். அன்று அவர் சொல்லைக் கேட்டவர் சிலரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மருத்துவமனைகளில் படுக்கைகள் பற்றாமற்போனபோதுதான் விரைவில் எழுப்பும் வழக்கம் பரவியது.

அசையாமல் படுத்திருப்பதில் என்ன கேடு? கால் சிரைகளில் இரத்த ஓட்டம் மந்தமாகி, உறைகட்டி தோன்றலாம். அது பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தேங்கும். குடலின் இயக்கமும் தடைப்படும். 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட், வலியை நன்றாக அடக்குதல், விரைவில் உணவு கொடுத்தல், விரைவில் நடக்கவிடுதல் ஆகிய மூன்றையும் இணைத்தார். பெருங்குடல் அறுவைக்குப் பின் 10 நாள் வரை தங்கியவர்கள் இரண்டு, மூன்று நாளில் வீடு திரும்பினர்.

எந்த அறுவையில் வலி அதிகம்?

ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு இக்கேள்வியை நேராகவே எழுப்பியது. 105 மருத்துவமனைகள், 50,000க்கு மேற்பட்ட நோயாளிகள், 179 வகை அறுவைகள். அறுவைக்கு மறுநாள், தாம் பட்ட கடும் வலிக்குச் சுழி முதல் 10 வரை மதிப்பெண் இடும்படி கேட்டனர். மிகுந்த வலி தந்த 40 அறுவைகளில் 22, கைகால் எலும்பு சார்ந்தவை. வியப்பு என்னவென்றால், ‘சிறியவை’ எனப்படும் குடல்வால், மூலம், தொண்டைச் சதை அறுவைகளும், பித்தப்பை அறுவையும் வலி மிக்க முதல் 25 இடங்களுக்குள் வந்தன. மாறாக, சில பெரிய வயிற்று அறுவைகளில் வலி குறைவாக இருந்தது. முதுகுத் தண்டின் உறைக்கு வெளியே நுண்குழாய் வைத்து மருந்து செலுத்தியதே அதற்குப் பெரும்பாலும் காரணம். சிறிய அறுவைக்கு அவ்வளவு மருந்து வேண்டாம் என்று எண்ணிவிடுகிறார்கள். நோயாளி வலியால் துடிக்கிறார்!

ஆகவே வலியின் அளவு அறுவையின் பெருமையைப் பொறுத்ததன்று. வெட்டு எங்கே விழுகிறது, அவ்விடம் எவ்வளவு அசைகிறது, எலும்பின் உறையில் உள்ள நரம்புகள் தாக்கப்படுகின்றனவா, மருந்து போதுமான அளவு கிடைக்கிறதா என்பவற்றைப் பொறுத்தது.

கருப்பை நீக்கத்தில் என்ன தனித்தன்மை?

கருப்பையை மூன்று வழிகளில் அகற்றலாம்: வயிற்றைத் திறந்து, யோனி வழியாக, அல்லது சிறு துளைகளின் வழியே. 1900இல் ஃபானன்ஸ்டீல் அறிவித்த குறுக்குவெட்டு, அடிவயிற்றைத் திறக்கும் முறையைத் திருத்தியது. 1988இல் அமெரிக்காவின் ஹாரி ரைஷ் நுண்துளை வழியே கருப்பையை அகற்றினார். வயிற்றைத் திறப்பதோடு ஒப்பிட்டால், மற்ற இரு வழிகளிலும் பெண்கள் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு வாரம் முன்னதாகவே வழக்கமான வேலைகளுக்குத் திரும்புகிறார்கள். நுண்துளை அறுவைக்குப்பின் தோள்பட்டை வலித்தால் அஞ்ச வேண்டாம். வயிற்றில் நிரப்பிய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால், அந்த வலி தோளில் உணரப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். எந்த வழியில் சென்றாலும், கருப்பையை முழுவதும் எடுத்தபின் யோனியின் மேல்முனையைத் தைத்து மூட வேண்டும். வெளியே மூன்று துளைகளே தெரியலாம். உள்ளே உள்ள தையல் ஆறவோ பல வாரங்கள் ஆகும். நுண்துளை வழியே பித்தப்பை எடுத்தவருக்கு இத்தகைய தையல் கிடையாது. நிறைகுடம் ஒன்று 12 முதல் 15 கிலோ வரை இருக்கும். அதைத் தூக்கும்போது வயிற்றினுள் அழுத்தம் ஏறி அந்தத் தையலை இழுக்கும். ஆறு வாரம் பளு தூக்க வேண்டாம் என்று மருத்துவர் கூறுவது இதனால்தான். நடப்பது நன்று, தூக்குவது தீது. வளவைச் சுற்றி நாளுக்குப் பலமுறை மெல்ல நடக்கலாம்; குடத்தை வேறொருவர் தூக்கட்டும்.

சூலகங்களையும் சேர்த்து எடுத்திருந்தால், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு அது ஒரே நாளில் நின்றுபோகும். உடல் எரிச்சல், வியர்வை, தூக்கமின்மை தோன்றும். காலப்போக்கில் எலும்பும் தேயலாம். இதை ‘இன்னும் தேறவில்லை’ என்று பிறர் பழிப்பது அறியாமை. இதற்குத் தனி மருத்துவம் உண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள்

2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூவருக்குமேல் கருப்பை நீக்கப்பட்டிருந்தது. எனவே இது உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நேரக்கூடியதே. காரைக்குடியில் அரசு மருத்துவமனையும், சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. அறுவைக்கு முன் கேளுங்கள்: இந்த அறுவை இன்றியமையாததா, வேறு மருத்துவம் உண்டா? எந்த வழியில் செய்வீர்கள்? சூலகங்கள் இருக்குமா? வலிக்கு என்ன மருந்து, எத்தனை நாள்?

வலியைப் பொறுத்துக்கொள்வது வீரமன்று. வலியை அடக்கினால்தான் ஆழ்ந்து மூச்சு விடவும், இருமவும், எழுந்து நடக்கவும் முடியும். ஆனால் காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி என்பது நரம்பு தரும் செய்தி. குணமாதல் என்பது திசு செய்யும் வேலை. முன்னது மருந்தால் ஒரு மணி நேரத்தில் தணியும். பின்னதற்கு வாரக் கணக்கில் காலம் வேண்டும். அந்தக் காலத்தை அப்பெண்ணுக்குக் கொடுப்பது வீட்டாரின் கடமை.