மரபு படுத்தும் பாடு

புற்றுநோய் அறிக்கையில் 'மரபணு மாற்றம்' என்று கண்டதும், "பாட்டனுக்கு இருந்ததா, பிள்ளைக்கும் வருமா?" என்று வீடே கலங்குகிறது. பழி 'மரபு' மேல்தான். தொல்காப்பிய மரபியலில் அது வழிவழி வந்த சொல்வழக்கு: எந்த விலங்கின் இளமைக்கு என்ன பெயர், ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது. இன்று மரபியல் ஓர் உயிரியல் துறை. ஆனாலும் 'வழிவழி' வாசனை விடவில்லை. புற்றில் காணும் மாற்றங்களில் பெரும்பாலானவையோ வாழ்நாளில் ஏதோ ஓர் உயிரணுவில் நேர்ந்தவை. 1960இல் அறிவிக்கப்பட்ட ஃபிலடெல்ஃபியா குரோமோசோம், நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றின் அடையாளம். அது பெற்றோர் தந்த சீதனம் அல்ல. அதில் உள்ள மரபணுவிலிருந்து பிறக்கும் புரதத்தை இமாட்டினிப் என்ற மருந்து அடக்குகிறது. சிலருக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றம் முளைத்து மருந்தைத் தடுக்கும். அதைப் படித்தறிந்தே மருத்துவர் மருந்தை மாற்றுகிறார். இப்படிப் பிறந்த பின் உடலில் நேர்வதைப் 'பெற்ற மாற்றம்' என்பார்கள். பெற்றவர் நினைவு அங்கேயும் வந்துவிடும். 'இடைவந்த மாற்றம்' என்றால் குழப்பம் குறையும்.