முப்பதாவது கிலோமீட்டரில் மனம் எங்கே?

மாரத்தான் ஓடிக்கொண்டே மனசுக்குள் வீடு கட்டியவர்கள் உண்டு. அஸ்திவாரம் தோண்டி, சுவர் எழுப்பி, தளம் போட்டு முடிப்பதற்குள் கணிசமான தூரம் கடந்திருக்கும். இன்னொருவர் பாலர் வகுப்பில் ஆரம்பித்துத் தன் படிப்புக் காலம் முழுவதையும் வரிசையாக நினைவில் ஓட்டிப் பார்ப்பாராம். அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் வில்லியம் மார்கன் 1970களில் சாதாரண மாரத்தான் ஓட்டக்காரர்களிடமிருந்து கேட்டுப் பதிவுசெய்த உத்திகள் இவை. வலி ஒரு பக்கம் இருக்கட்டும், மனசு வேறு பக்கம் மேயட்டும் என்பதுதான் அவர்கள் வழி.

முதல்தர வீரர்கள் இதையே இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்வார்கள் என்றுதான் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் எதிர்பார்த்தார்கள். 1977இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் கிடைத்ததோ நேர்மாறான பதில். முன்னணி வீரர்கள் பாதம், கெண்டைக்கால், தொடை, மூச்சு என்று தங்கள் உடம்பையே கவனித்துக்கொண்டு ஓடினார்கள். அது சொல்வதற்கு ஏற்ப வேகத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். உடம்பைத் தளர்வாக வைத்துக்கொள்ளும்படி தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

வார இறுதியில் ஓடுகிறவர்களிடம் இந்த இரண்டு கட்சிகளும் இன்றைக்கும் இருக்கின்றன. ஒன்று இயர்போன் கட்சி, மற்றது கைக்கடிகாரத்தையும் இதயத்துடிப்பையும் விடாத கட்சி. வீரர்களைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொள்வதால் இரண்டாவது கட்சிக்குக் கொஞ்சம் பெருமிதமும் உண்டு. அந்தப் பெருமிதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. உள்ளே பார்ப்பதால் வீரர்கள் வேகமாக ஓடுகிறார்களா, வேகமாக ஓடுவதால் உள்ளே பார்க்க வேண்டியதாகிறதா? உழைப்பு ஏற ஏற, உடம்பு நம்மைக் கேட்காமலே கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மிதமான வேகத்தில் இசை களைப்பைக் குறைத்துக் காட்டுகிறது. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்தில் அந்தச் சலுகை பெரிதும் கரைந்துவிடுகிறது. மார்கன் சோதித்த வீரர்களின் வேகத்தில் மனசுக்குள் வீடு கட்ட யாராலும் முடியாது.

வெளியே பார்ப்பதற்கு ஆதரவான வலுவான சான்று ஜெர்மனியிலிருந்து வந்தது. 2009இல் லிண்டா ஷூக்கரும் அவரது குழுவினரும் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஒரே வேகத்தில் ஓடவைத்து, அவர்கள் செலவிடும் ஆக்சிஜனை அளந்தார்கள். ஒருமுறை சுற்றுப்புறத்தைக் கவனிக்க வேண்டும், ஒருமுறை காலசைவை, இன்னொருமுறை மூச்சை. வேகம் மாறவே இல்லை. ஆனாலும் சுற்றுப்புறத்தைக் கவனித்தபோதுதான் ஆக்சிஜன் செலவு மிகக் குறைவு. மூச்சும் நடையும் தானாக நடக்கிற காரியங்கள். அவற்றில் மூக்கை நுழைத்தால் கெட்டுப்போகின்றன. அதே குழு பின்னர் செய்த ஆய்வு இதை இன்னும் நுட்பமாக்கியது. உடம்பு மொத்தமாக எப்படி இருக்கிறது, எவ்வளவு சிரமப்படுகிறது என்று பார்ப்பதில் அந்தக் கெடுதல் இல்லை. அசைவையும் மூச்சையும் உற்றுப்பார்ப்பதில்தான் நஷ்டம். ‘மூச்சைக் கவனி, மூச்சைக் கவனி’ என்று புதியவர்களை விரட்டுகிற ஓட்டக் குழு அண்ணன்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டிரெட்மில்லில் சுவர் வராது. 42.195 கிலோமீட்டர் பந்தயத்தில், பெரும்பாலும் முப்பது தாண்டியதும், தசையில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் தீர்ந்து கால் இரும்பாகிப்போகும் நிலையைத்தான் ஓட்டக்காரர்கள் ‘சுவர்’ என்கிறார்கள். 1996 லண்டன் மாரத்தானில் ஓடிய 66 சாதாரண ஓட்டக்காரர்களிடம் கிளேர் ஸ்டீவின்சனும் ஸ்டூவர்ட் பிடிலும் நடத்திய ஆய்வு என் பார்வையில் இந்த வழக்கின் முக்கியமான சாட்சி. உள்ளே, வெளியே என்ற பிரிவோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த நினைப்பு ஓட்டத்தைப் பற்றியதா இல்லையா என்றும் பிரித்தார்கள். பகற்கனவும் மனக்கணக்கும் ஒரு வகை. களைப்பையும் வலியையும் பார்ப்பது இன்னொரு வகை. வழியோரக் காட்சிகளில் லயிப்பது மூன்றாவது. அடுத்த தண்ணீர் மேசை, கிலோமீட்டர் பலகை, கடந்த நேரம் ஆகியவை நான்காவது வகை.

பகற்கனவில் மூழ்கியவர்கள் சுவரில் அதிகம் மோதியிருந்தார்கள். உடம்பு கொடுத்த எச்சரிக்கை காதில் விழாமல், தொடக்கத்தில் தாங்காத வேகத்தில் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். களைப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கோ சுவர் சீக்கிரமே வந்தது. பார்க்கப் பார்க்க வலி பெரிதாகும் போலிருக்கிறது. ஆக, இரண்டு கட்சிகளும் அங்கே தோற்றுப்போயின.

எனக்குப் பிடித்தது அந்த நான்காவது வகை. பார்வை வெளியே இருக்கும், எண்ணம் ஓட்டத்தை விட்டு விலகாது. முன்னால் போகும் மஞ்சள் பனியனை அடுத்த பலகைக்குள் பிடிப்பது, தண்ணீர் மேசை வரும்போது மட்டும் உடம்பை ஒருமுறை விசாரித்துக்கொள்வது, பிறகு மறுபடி சாலைக்குத் திரும்புவது: இது யாருக்கும் கைகூடும்.

கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு அது போதாது. அங்கே வலி தானே வந்து பேசும், பதில் சொல்லியாக வேண்டும். 2014இல் சாமுவேல் மார்கோரா உள்ளிட்டோர் 24 பேரை வைத்து நடத்திய சோதனை சைக்கிளில் நடந்ததுதான், ஆனால் இங்கே பொருந்தும். பாதிப் பேர் இரண்டு வாரம், தாங்களே தேர்ந்தெடுத்த ஊக்கச் சொற்களைத் தங்களுக்குள் சொல்லிப் பழகினார்கள். தொடக்கத்துக்குச் சில, மூச்சு முட்டும் கட்டத்துக்கு வேறு சில. கடினமான ஒரே பளுவில் அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் சராசரி 637 வினாடியிலிருந்து 751 ஆனது. மற்றவர்களிடம் அப்படி முன்னேற்றம் இல்லை. சொல்லிப் பழகியவர்கள் உழைப்பும் குறைவாகவே தோன்றியது என்றார்கள். வீரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதை மார்கன் ஏற்கெனவே குறித்திருந்தார். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். உடம்பை உற்றுப்பார்க்கும் பழக்கத்தைப் போய் எடுத்துக்கொண்டோம்.

பயிற்சி நாட்களில், மெதுவான நீண்ட ஓட்டத்தில் பாட்டுக் கேட்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை; போக்குவரத்துள்ள சாலையில் மட்டும் ஒரு காதைத் திறந்து வையுங்கள். ஆனால் சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் வெயில் ஏறிய பிறகு இயர்போனைக் கழற்றிவிடுவது நல்லது. மனத்தைத் திருப்பும் உத்தி காயத்தின் வலியையும் வெப்பத் தாக்கின் அறிகுறியையும் சேர்த்தே மறைத்துவிடும் என்று மார்கனே எச்சரித்தார். தலை கிறுகிறுத்தால், வெயிலிலும் உடம்பு சிலிர்த்தால், எந்த ஊக்கச் சொல்லும் வேண்டாம், நின்றுவிடுங்கள்.