பக்கிங்காம் கால்வாயில் படகுப் பயணம்

பக்கிங்காம் கால்வாய் என்பது ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாகத் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை, வங்கக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் உவர்நீர்க் கால்வாய் ஆகும். இதன் நீளம் சுமார் 420 கி.மீ. ஒரு காலத்தில் சரக்குப் போக்குவரத்துக்கும் படகுப் பயணத்துக்கும் பெயர்பெற்ற நீர்வழி இது.

கொங்கு நாட்டில் வாய்க்கால் என்றால் பாசனம்தான் நினைவுக்கு வரும். சூலூர்க் குளங்களுக்கு நொய்யல் நீரைக் கொண்டுவரும் வாய்க்கால்கள் வயலுக்காக அமைந்தவை. பக்கிங்காம் கால்வாயோ படகுக்காகவே வெட்டப்பட்டது. கடல் ஏற்ற இறக்கத்தால் நீர்மட்டம் மாறும் இடங்களில் மதகுக் கதவுகள் அமைத்து, அவற்றிடையே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பகுதிக்கு அனுப்பினர்.

தோற்றம்

1801-இல் தொடங்கி 1806-இல், சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவுக்கு முதல் பகுதி வெட்டப்பட்டது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் இதை அமைத்ததால் காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1837-இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் படிப்படியாக நீட்டிக்கப்பட்டது.

1876–78-இல் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. கொங்கு நாட்டில் "தாது வருசத்துப் பஞ்சம்" என்று சொல்லப்படுவது இதுவே. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்பஞ்சத்தின்போது நிவாரண வேலை செய்தவரின் கூலி, ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். கால்வாய்க்கோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண் வெட்டிச் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

படகுப் பயணம்

விறகு, உப்பு, நெல், மீன், சுண்ணாம்புக் கிளிஞ்சல் முதலியவை இவ்வழியே சென்னைக்கு வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். இல்லையேல் ஒருவர் கழியூன்றித் தள்ள, மற்றவர் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். இங்கிலாந்துக் கால்வாய்களில் குதிரைகள் செய்த வேலையை இங்கு மனிதர்களே செய்தனர்.

இக்கால்வாயின் புகழ்பெற்ற இன்பப் பயணம் 1934-இல் நிகழ்ந்தது. பாவேந்தர் பாரதிதாசன், ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி உள்ளிட்ட நண்பர்களுடன் நிலவொளியில் மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றார். "மாவலிபுரச் செலவு" என்னும் அவரது கவிதை அப்பயணத்தில் பிறந்தது. இன்று பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் அத்தொலைவு, அன்று ஓர் இரவுப் பயணம்.

வீழ்ச்சி

1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. சாலையும் இரயிலும் சரக்கை எடுத்துக்கொண்டன. சென்னையில் பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழுந்தன, கழிவுநீரும் கலந்தது. ஆயினும் 2004 ஆழிப்பேரலையின்போது பல இடங்களில் கடல்நீரை உள்வாங்கி, கரையோர மக்களைக் காத்தது இக்கால்வாய். 2008-இல் இது தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் கால்வாய்கள் இவ்வாறே கைவிடப்பட்டன. எல்.டி.சி. ரோல்ட் என்பவர் 1939-இல் ஒடுக்கமான படகொன்றில் மேற்கொண்ட பயணம் 1944-இல் நூலானது. அதைப் படித்தவர்கள் 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் அமையத் துணைநின்றனர். தூர்ந்த கால்வாய்கள் பல மீண்டன. இன்று அங்குக் குடும்பங்கள் மணிக்கு நான்கு மைல் வேகத்தில் படகில் விடுமுறையைக் கழிக்கின்றன. அங்கு ஒரு பயண நூல் கால்வாய்களை மீட்க உதவியது. இங்கோ கவிதை பாடநூல்களில் வாழ்கிறது. அது பிறந்த நீர்வழி இன்னும் தூர்வாரக் காத்திருக்கிறது.