கடலுக்கடியில் எந்த இடம் விட்டுப்போச்சு? சர்வே கப்பலின் 'கவரேஜ் பிளாட்' எப்படி உருவாகிறது?

பாலக்காடு வழியாக ஓடும் பாரதப்புழா பொன்னானியில் கடலைத் தொடுகிறது. இடுக்கி மலைகளில் இருந்து இறங்கும் பெரியாறு கொச்சி பக்கம் போய்ச் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகள் காலங்காலமாக அடித்துவந்த வண்டலும் படிந்து கிடக்கும் கடற்பகுதிதான் கேரளா-கொங்கண் படுகை. இங்கே எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பல ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். வணிக உற்பத்தி இன்னும் இல்லை.

இந்தத் தேடலின் முதல் படி சீஸ்மிக் சர்வே. அது முழுமையாக முடிந்ததா என்பதைக் காட்டுவது கவரேஜ் பிளாட்.

கப்பல் என்ன செய்கிறது?

மணிக்கு 8, 9 கி.மீ. வேகத்தில் நகரும் கப்பல், 6 கி.மீ. அல்லது அதற்கும் நீளமான கேபிள்களை இழுத்துச் செல்லும். 'ஏர்கன்' அழுத்தப்பட்ட காற்றை வெளியேற்றி ஒலி எழுப்பும். கடலுக்கடியில் உள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒலியை, கேபிளில் உள்ள ஹைட்ரோபோன்கள் பதிவு செய்யும்.

பிளாட்டில் எதை எண்ணுகிறார்கள்?

ஏர்கனுக்கும் ஹைட்ரோபோனுக்கும் நடுவில் உள்ள புள்ளிக்குக் கீழேதான் ஒலி எதிரொலித்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சர்வே பகுதியை 6.25 x 25 மீட்டர் போன்ற சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். இதற்குப் பெயர் 'பின்'. ஒரு பின்னில் எத்தனை நடுப்புள்ளிகள் விழுந்தன என்ற எண்ணிக்கைதான் 'ஃபோல்ட்'.

ஒரு சின்னக் கணக்கு. 6 கி.மீ. கேபிளுக்கு நடுப்புள்ளிகள் பாதி தூரம், அதாவது 3,000 மீட்டருக்குப் பரவும். ஒரு ஏர்கன் 50 மீட்டருக்கு ஒருமுறை இயங்கினால், 3,000 வகுத்தல் 50. ஆக, ஒவ்வொரு பின்னுக்கும் 60 பதிவுகள் கிடைக்க வேண்டும்.

ஓட்டை எப்படி விழுகிறது?

கேபிள் நேராக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. நீரோட்டம் கேபிளை 10 டிகிரி தள்ளினாலே, 6 கி.மீ. கேபிளின் வால் சுமார் 1 கி.மீ. விலகிப் போகும். அப்போது சில பின்களில் பதிவுகள் குவியும், சில பின்கள் காலியாகும்.

சாஃப்ட்வேர் என்ன செய்கிறது?

ஏர்கனும் ஹைட்ரோபோன்களும் எந்த நொடியில் எங்கே இருந்தன என்ற தகவல் பி1/90 போன்ற வடிவத்தில் சேமிக்கப்படும். ரிஃப்ளெக்ஸ் போன்ற பின்னிங் சாஃப்ட்வேர் அதை வாங்கி, பழுதான பதிவுகளை நீக்கி, பின் வாரியாக எண்ணி, வண்ணப் படமாகக் காட்டும். ஏர்கனுக்கு அருகில், நடுவில், தொலைவில் உள்ள ஹைட்ரோபோன்களுக்குத் தனித்தனிப் படம் போடுவது வழக்கம்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 'ஃபிளெக்ஸ்' என்ற அமைப்பு, காலியான பின்னுக்குப் பக்கத்துப் பின்னில் இருந்து பதிவைக் கடன் வாங்கும். அளவோடு செய்தால் நியாயமான வழிதான். அளவைக் கூட்டினால் அதே டேட்டாவில் ஓட்டைகள் மறைந்துவிடும், படம் பளிச்சென்று இருக்கும். அலுவலக டாஷ்போர்டில் ஃபில்டரை மாற்றினால் கிராஃப் அழகாகிவிடுமே, அந்தக் கதைதான். அதனால் ஒப்பந்தத்திலேயே ஃபிளெக்ஸ் அளவையும் குறைந்தபட்ச ஃபோல்டையும் எழுதி வைப்பார்கள்.

கேரளக் கடலில் இது ஏன் முக்கியம்?

கேரளா-கொங்கண் படுகையின் பல பகுதிகளில் வண்டலுக்கு நடுவே எரிமலைப் பாறையான பசால்ட் இருக்கிறது. அது ஒலியைச் சிதறடிக்கும். அதற்குக் கீழே பார்க்கத் தொலைவில் உள்ள ஹைட்ரோபோன்களின் பதிவுகள் பெரிதும் உதவும். ஆனால் நீரோட்டம் அதிகம் விலக்குவதும் கேபிளின் அந்த வால் பகுதியைத்தான்.

ஓட்டை இருந்தால்?

கப்பல் திரும்பப் போய் அந்த இடத்தை மட்டும் சர்வே செய்யும். இது 'இன்ஃபில்'. ஒவ்வொரு கூடுதல் நாளும் செலவு. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கேரளாவில் ஜூன், ஜூலையில் 52 நாள் டிராலிங் தடை. கடல் அமைதியாக இருக்கும் மற்ற மாதங்கள்தான் மீன்பிடி சீசன், சர்வேக்கும் அதுவே சீசன். கேபிள் இழுக்கும் கப்பல் சட்டென்று திரும்ப முடியாது. அதன் பாதையில் வலை விரிக்க முடியாது. ஆக, ஒவ்வொரு இன்ஃபிலுக்கும் மீனவர்கள் இன்னொரு முறை ஒதுங்க வேண்டும்.

அதனால்தான் கப்பல் கடலில் இருக்கும்போதே ஒவ்வொரு லைன் முடிந்ததும் பிளாட் புதுப்பிக்கப்படுகிறது. எந்த ஓட்டையை அடைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இப்படி ஒரு படம் உங்கள் கைக்கு வந்தால், வண்ணத்துக்கு முன்னால் ஓரத்தில் எழுதியிருக்கும் ஃபிளெக்ஸ் அளவைப் பாருங்கள்.