கண்ணாடிக்குள் ஒரு பால்மரம்

லண்டன் கியூ பூங்காவின் பனை மாளிகைக்குள் நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. வெளியே குளிர். உள்ளே மழைக்கு முந்தைய நம்ம மலாக்கா புழுக்கம். டிக்கெட் எடுத்து வந்தவர்கள் வாழைமரத்தை விதவிதமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு பால்மரம். பாட்டி முப்பது வருடம் சீவிய மரம். சிரிப்பு நின்றுவிட்டது.

1844 முதல் 1848 வரை கட்டிய மாளிகை இது. வடிவமைத்தவர் டெசிமஸ் பர்ட்டன். டப்ளின் இரும்பு வார்ப்பாளர் ரிச்சர்ட் டர்னர், கப்பல் கட்டும் முறையை ஒட்டி இரும்பு விலாக்களை வளைத்தார். அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துப்போட்ட கப்பல் மாதிரியே இருக்கிறது.

1876இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை இங்கே கொண்டுவந்தார். இதே பூங்காவின் வேறொரு கண்ணாடி வீட்டில் ஊன்றினார்கள். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. அந்த ஆண்டே 1,919 கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. அவை போனது வார்டு பெட்டியில். மூடிய கண்ணாடிப் பெட்டி அது. உப்புக்காற்று அண்டாது, உள்ளே ஆவியாகும் நீர் திரும்ப மண்ணிலேயே இறங்கும். மறு ஆண்டு சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன.

1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு இயக்குநராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, 'ரப்பர் நடுங்கள்' என்று தோட்டக்காரர்களை விரட்டிக்கொண்டே இருந்தார். அவரைப் பைத்தியம் என்றார்கள். நம்பியவர் மலாக்காக்காரர் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் போட்டதுதான் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம்.

தோட்டங்கள் பெருகின. சீவ ஆள் வேண்டுமே? கங்காணிகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த தமிழர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். அவர்களுக்கு வெறும் மேல்தளம்தான்.

22 கன்றுகளின் கணக்கு இன்றும் இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

குருபோங் திரும்பியதும் பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேல கண்ணாடியா? அப்ப உள்ள மழையே பெய்யாது. நாள் கெடாதுல்ல?"

மழை நாளில் மரம் சீவ முடியாது. சீவாத நாளுக்குக் கூலி கிடையாது.